கூண்டைத் திறக்கிறவர்

"ஒக்கட்டி, ரெண்டு, மூடு, நாலுகு..." திருமலை எண்ணிக்கொண்டிருக்கிறார். வலது கையின் ஆட்காட்டி விரல் கணினித் திரையைத் தொட்டும் தொடாமலும் ஒவ்வொரு கூண்டாக நகர்கிறது. கடைசிக் கூண்டு வந்ததும் ஒரு நொடி நின்று, அங்கிருந்து திரும்பி முதல் கூண்டுவரை இன்னொரு தரம் எண்ணுகிறார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால் "சரிபோயிந்தி" என்று தெலுங்கில் சொல்வார். அறையில் கேட்க ஆள் இல்லாவிட்டாலும் வாய்விட்டுத்தான் சொல்வார். அதன் பிறகே நாற்காலியில் உட்காருவார்.

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் அவர் வீடு. வயது ஐம்பத்தேழு. வேலை, பக்கத்து ஊர் சப்-ஜெயிலில் தலைமை வார்டர். இருபத்தொன்பது ஆண்டுகளாகச் சாவிக்கொத்தோடு நடந்ததில் இடுப்பின் இடப்பக்கம் லேசாகச் சரிந்துவிட்டது. சாவி இல்லாத நாளிலும் அந்தப் பக்கம் சாய்ந்தபடிதான் நடக்கிறார். வாசலுக்கு முதுகு காட்டி எங்கேயும் உட்காரமாட்டார், கல்யாணப் பந்தியில்கூட. வீட்டுக்கு யாராவது வந்தால் வெளிக் கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் உள் கதவைத் திறப்பார். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடாது என்பது அவருக்குள் ஊறிய சட்டம். முதல் முறை வரும் விருந்தாளிகள் இரண்டு கதவுக்கும் நடுவில் செருப்பும் கையுமாகத் திகைத்து நிற்பார்கள். "கெவுர்மெண்ட் ஜெயில்ல எட்டு மணி நேரம், வூட்டு ஜெயில்ல மிச்ச நேரம். நீங்க உள்ள வாங்க, அவுரு அப்டித்தான்" என்று மனைவி தாட்சாயணி சமாதானம் சொல்லி அழைத்துப் போவார். தாட்சாயணி அங்கன்வாடி டீச்சர். முப்பது பிள்ளைகளை மேய்ப்பவருக்கு ஒரு கணவர் பெரிய பாரமில்லை.

கணினி, மகள் ரேகா இன்ஜினியரிங் படித்தபோது வாங்கியது. அவள் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போன பிறகு அதன் மேல் தாட்சாயணி பின்னிய துணியொன்று கிடந்தது. கொரோனா காலத்தில் திருமலை ஜெயில் படியில் கால் வழுக்கி, கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். மூன்றாம் நாளே கதவுகளைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்தத் தாழ் தளர்ந்திருக்கிறது, எந்தக் கீல் எண்ணெய் கேட்கிறது என்று படுக்கையிலிருந்தே பட்டியல் போட்டார். அப்போது வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த ரேகா, "நைனா, உனக்கு ஒரு கோட்டை தர்றேன், அத்த பூட்டிக்கினு இரு" என்று ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். கால் கூடிவிட்டது. விளையாட்டு நின்றபாடில்லை. வார விடுமுறை நாளில் காலைப் பலகாரம் முடிந்ததும் உட்கார்ந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்திருப்பார்.

ஏழு பேர் ஒரு வண்டியோடு ஆளில்லாத மலையடிவாரத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கிருந்துதான் ஆட்டம் தொடங்குகிறது. குடைவதும் கட்டுவதும் விதைப்பதும் காய்ச்சுவதும் நம் பொறுப்பு. ஆண்டுக்கணக்கில் ஓடும். பிள்ளைகள் பிறக்கும், கிழவர்கள் சாவார்கள், வெளியூர் ஆட்கள் குடியேறுவார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலம். "வாரண்ட் படிச்ச இங்கிலீஷ் எனக்கு. மெதுவாத்தான் போவும், தப்பா போவாது" என்கிறார். ஆட்டத்தில் வரும் வாயில் நுழையாத பெயர்களை மாற்றி முதல் ஏழு பேருக்குத் தெரிந்தவர்கள் பெயரையே வைத்தார். ஜெயிலுக்கு எதிரே முன்பு டீக்கடை வைத்திருந்த கன்னியம்மாளின் பெயர் கொல்லுப்பட்டறைப் பெண்ணுக்குப் போனது. ஏன் அந்தப் பெயர் என்று ரேகா கேட்டதற்கு, "அந்தம்மா தோள் அப்டி இருக்கும்" என்றார்.

கோட்டை செழித்தால் கொள்ளைப்படை வரும். வாசலில் பொறிக்கூண்டுகள் வைத்தால் அதில் சிலர் சிக்குவார்கள். சிக்கியவர்களை என்ன செய்வது என்பதுதான் இந்த ஆட்டத்தில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். ஆயுதத்தோடு கூண்டுக்குள் இருப்பவனை வெளியே எடுத்தால், கூண்டைத் திறந்தவனை முதலில் வெட்டுவான். திருமலைக்கும் அப்படித்தான் நடந்தது. ஆட்டம் தொடங்கிய இரண்டாம் மாதம், பிடிபட்ட ஐந்து பேரை வேறு அறைக்கு மாற்றலாம் என்று நேராகக் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக் கூடம்வரை வந்தார்கள். பதினான்கு பேர் செத்தார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "சோதனை போடாம ஆளை மாத்திட்டேன். வேற எவனாவது செஞ்சா சரி. நான் செய்லாமா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் தன் கோட்டையைச் சப்-ஜெயில் ஆக்கினார். பிடிபட்டவர்களை 'முத்தாயிங்க' என்கிறார். ஆந்திரத்துக் கோர்ட்டிலும் ஜெயிலிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர். முத்தாயியின் உடைமைகளைக் குறித்துக் கொடுத்தால் கோட்டை ஆட்கள் வந்து கம்பிகளுக்கு நடுவே கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போவார்கள். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் குறிக்க வழி இருக்கிறது. மற்றவர்கள் அதைத்தான் செய்வார்கள். திருமலை ஒவ்வொரு பொருளாகப் படித்துக் குறிப்பார். கத்தி, கேடயம், தலைக்கவசம், இரும்புச் செருப்பு வரைக்கும் போகும். இடுப்புத் துணியை விட்டுவிடுவார். இருபது பேருக்கு இப்படிச் செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும். "துணிய ஏன் உருவணும்? துணியால எவனையும் குத்த முடியாது" என்பார். தூக்குப் போட்டுக்கொள்ள முடியும் என்று அவருக்குத் தெரியும். ஆட்டத்தில் அது இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டிருந்தார்.

இந்த ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில்தான் ஸௌரிராஜன் அறிமுகமானார். திருப்பதிக்காரர், ஐம்பத்திரண்டு வயது, தனியார் ஜூனியர் காலேஜில் கணக்கு வாத்தியார். அப்பாவும் அண்ணாவும் கோயில் கைங்கரியத்தில் இருப்பவர்கள். இவர் மட்டும் சுண்ணக்கட்டிப் பக்கம் வந்துவிட்டார். இருவரும் முதன்முதலில் நேரில் சந்தித்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இடம் சந்திரகிரிக் கோட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் இரண்டு பெரியவர்கள் மதிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஸௌரிராஜன் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும், தானியம் எவ்வளவு பிடிக்கும் என்று மனக்கணக்குப் போட்டார். திருமலை காவலாளியிடம் போய், "பிடிச்ச ஆளுங்கள எங்க வெச்சிருந்தாங்கோ?" என்று கேட்டார். ராஜா மகாலைக் காட்டினான், ராணி மகாலைக் காட்டினான். பலகைகளையெல்லாம் இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்தார். "சார், எல்லாம் எழுதியிருக்கான். அத்த மட்டும் எழுதல" என்று திரும்பி வந்தார்.

ஸௌரிராஜனின் வழி வேறு. பத்து அடுக்கு ஆழத்துக்கு ஒரு குழி. மேலே ஒரு மரப்பலகைத் தளம். கூண்டுகளை அதன் மேல் வரிசையாக வைத்து, தொலைவில் இருக்கும் ஒரு விசையை இழுத்தால் தளம் விலகும். "யாருக்கும் ஆபத்தில்லை, யாரும் கிட்ட போக வேண்டாம். ஒரே இழுப்பு. முடிஞ்சுது" என்று சந்திரகிரியிலேயே மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டிலிருந்து வந்தவர். குரலில் கொடுமை எதுவும் இல்லை, சமன்பாட்டைச் சுருக்கிய மகிழ்ச்சிதான் இருந்தது. ஒரு நாள் நகரிக்கு வந்தபோது திருமலையின் கோட்டையிலும் அப்படி ஒரு குழியை அவரே வெட்டிக் கொடுத்தார். "அவசரத்துக்கு இருக்கட்டும் சார். பக்கத்துலயே வெச்சுக்கோங்கோ." திருமலை மறுக்கவில்லை. விசைக்குப் பக்கத்தில் ஒரு கதவு வைத்து, அந்தக் கதவைப் பூட்டி வைத்தார்.

அவருடைய சொந்த வழி சுரங்கம். கூண்டு அறையிலிருந்து வடக்கு எல்லைவரை தோண்டிய நீண்ட ஒற்றைப் பாதை. நடுவில் மூன்று கதவுகள். ஒன்று சாத்தினால்தான் மற்றொன்று திறக்கும்படி விசைகளை அமைத்திருந்தார். ஆயுதம் இழந்த முத்தாயியின் கூண்டு தொலைவிலிருந்தே திறக்கும். அவனுக்கு ஒரே திசைதான் இருக்கும். போய்க்கொண்டே இருந்தால் உலகத்தின் விளிம்பு வரும், அதைத் தாண்டினால் அவன் திரையிலிருந்து மறைவான். இதைக் கட்டி முடிக்க அவருக்கு நான்கு மாதம் ஆனது. "ஒருத்தனை அனுப்ப இத்தனை கதவா?" என்று ரேகா தொலைபேசியில் கேட்டபோது, "பிடிக்கறது ஒரு நிமிசம்மா. வெளிய அனுப்பறதுலதான் எல்லாக் கஷ்டமும் கீது" என்றார்.

முதல் தவணையில் ஆறு பேரை அனுப்பினார். அனுப்பும் முன் ஒவ்வொருவனின் குறிப்பையும் படித்தார். இந்த ஆட்டத்தில் எதிரிக்கும் பிறப்பும் வளர்ப்பும் உண்டு. எங்கே பிறந்தான், யாரை இழந்தான், எதற்குப் பயப்படுவான் என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கும். அந்த ஆறு பேரில் ஒருவனுக்கு இடது காது இல்லை. தாயைச் சண்டையில் இழந்தவன், கூட்டத்தில் நிற்கக் கூச்சப்படுபவன், பழைய பகையை மறக்கத் தெரியாதவன் என்று எழுதியிருந்தது. திருமலை அவனுக்குக் 'காதறையன்' என்று பெயர் வைத்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார். ஆனாலும் அனுப்பினார். ஆறு பேரும் சுரங்கத்தின் வழியே எவரையும் தொடாமல் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்குத் தாட்சாயணியை எலுமிச்சைச் சாதம் கிளறச் சொல்லிச் சாப்பிட்டார். அவருக்கு மனம் நிறைந்தால் கேட்கும் சாப்பாடு அது.

ஆட்டத்துக் கணக்கில் ஏழு மாதம் கழித்துப் பெரும்படையொன்று வந்தது. கன்னியம்மாள் பட்டறைக்குக் கரி எடுக்க வெளி வாசலுக்குப் போயிருந்தாள். வாசலை மூடச் சொல்லித் திருமலை ஆணை கொடுத்தார். அவள் உள்ளே வர நான்கு கட்டம் இருக்கும்போது ஒருவன் குறுக்கே வந்தான். திரையில் இரண்டு சிறு உருவங்கள் சேர்ந்தன, ஒன்றுதான் மிஞ்சியது. படை சிதறி ஓடியபோது அவனும் இன்னும் இருபத்திரண்டு பேரும் பொறிக்கூண்டுகளில் சிக்கினார்கள். திருமலை வழக்கம்போல உடைமைகளைக் குறிக்க ஒவ்வொரு கூண்டாகப் போனார். பதினேழாவது கூண்டில் இருந்தவனுக்கு இடது காது இல்லை. அவன் குறிப்பில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. கன்னியம்மாளைக் கொன்றவன்.

கன்னியம்மாள் முதல் ஏழு பேரில் ஒருத்தி. பதினோரு ஆண்டு அந்தக் கோட்டையின் ஒவ்வொரு கீலும் ஒவ்வொரு கம்பியும் அவள் அடித்தவை. அவளுக்கு ஒரு பெண் பிள்ளை இருந்தது. அம்மா செத்த பிறகு அது பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திருமலை ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, கணினியை அணைத்து, மின்இணைப்பையும் பிடுங்கிவிட்டார்.

ஒன்பது நாள் அதைத் தொடவில்லை. ஜெயிலுக்குப் போனார், வந்தார், செய்தி பார்த்தார். பேச்சில் குறை இல்லை, ஆனால் ஒரு சாயங்காலம் வெளிக் கதவைத் தாழ் போடாமலே உள்ளே வந்துவிட்டார். தாட்சாயணி கவலைப்பட்டது அதற்குத்தான். கணவரின் கைபேசியை எடுத்து ஸௌரிராஜனை அழைத்தார். "சார், உங்க கேம்ல யாரோ செத்துட்டாங்களாம். எனக்கு ஒண்ணும் புரில. ஒரு தபா வந்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஸௌரிராஜன் நகரி ஸ்டேஷனில் இறங்கினார். தாட்சாயணி அவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் பால் கொடுத்தார். கணினி அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஸௌரிராஜன் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன் சார். நீங்க விட்டேள், அது திரும்பி வந்தது. இது கணக்கு. உங்க மனசுல ஈரம் இருக்கறதுக்காகக் கணக்கு மாறாது. அந்தக் குழியை எதுக்கு வெட்டிக் குடுத்தேன்? ஏன் அதைத் தொடவே மாட்டேங்கறேள்?"

திருமலை அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தாட்சாயணியிடமிருந்து வந்தது.

"கங்கையான்னு ஒருத்தன் சார். பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும். வாய்க்காத் தண்ணி சண்டைல உள்ள வந்தவன். பெயில் ஆர்டர் வந்துச்சு. இவுருதான் அன்னிக்கு கேட் டூட்டி. அங்க அடையாளம் பார்த்து, கையெழுத்து வாங்கி, அவன் துணி, செருப்பு எல்லாம் கைல குடுத்து, கேட்டத் தொறந்து வுட்டாரு. எதிர்பார்ட்டி ரெண்டு பேரு காம்பவுண்டு மூலைல கத்தியோட நின்னுக்கினு இருந்திருக்கானுங்க. இவுரு கண்ணு முன்னாலயே. ஒரு நாப்பது அடி இருக்கும்."

"முப்பத்தாறு" என்றார் திருமலை. "அப்புறமா அளந்து பார்த்தேன்."

"கேட்டு வார்டரு கேட்ட வுட்டு நகரக்கூடாதாம். அது ரூலாம். சாவியக் கைல வெச்சிக்கினு உள்ள நின்னுக்கினே பார்த்தாரு. அவன் இவுரு பேரச் சொல்லிக் கூப்ட்டானாம்."

ஸௌரிராஜன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"உயிரு பொழைச்சுக்கினான். இடது கை வரல. விரலு மடங்காது. பெரிய ஆபீசரு வந்து பார்த்துட்டு, கேட்டுக்கு வெளிய நடந்தது நம்ம கணக்குல வராதுன்னு எழுதிக்கினு போய்ட்டாரு. இவுருமேல ஒரு தப்பும் இல்லன்னு பேப்பரே கீது." தாட்சாயணி எழுந்து டம்ளரை எடுத்தார். "அன்னிலருந்து யாரு ரிலீஸ் ஆனாலும், கூட்டிக்கினு போக யாரு வர்றாங்கன்னு கேப்பாரு. யாரும் வரலன்னா பெஞ்சில குந்த வெச்சிட்டு, டூட்டி முடிஞ்சதும் இவுரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவாரு. இவுரு பாக்கெட்டு காலி ஆவறது பஸ்ஸுக்குத்தான்."

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஸௌரிராஜன், வகுப்பில் விடை தெரியாத மாணவனிடம் பேசும் குரலாக இருக்க வேண்டும், மெல்லக் கேட்டார்: "அப்போ இப்ப இருக்கற இருபத்து மூணு பேரை என்ன பண்ணலாம்னு சொல்றேள்?"

திருமலை குனிந்து மின்இணைப்பைச் செருகினார்.

உடைமை எடுப்பதிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு பெயராகப் படித்தார், ஒவ்வொரு கத்தியாகக் குறித்தார். இந்த முறை சுரங்கத்தில் ஒரு மாற்றம் செய்தார். வெளியே போகிறவன் கோட்டையின் வாசலையோ பட்டறையையோ பார்க்க முடியாதபடி பாதையைக் கிழக்கே வளைத்தார். ஸௌரிராஜன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தக் கதவு எந்த விசைக்குக் கட்டுப்பட்டது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். ஒன்பதாவது ஆள் போகும்போது தறிகள் சட்டென்று நின்றன. கரண்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. இரண்டாம் கதவுக்கும் மூன்றாம் கதவுக்கும் நடுவில் ஒரு முத்தாயி நின்றான். திருமலை அவசரப்படவில்லை. அவன் மூன்றாம் கதவைத் தாண்டும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தி, சேமித்து, அணைத்தார். அரைமணி கழித்துத் தறிகள் மறுபடி பேசின. பத்தாவது ஆளிலிருந்து தொடர்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டைத் தாட்சாயணி அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். நான்கரை மணிக்கு இருபத்திரண்டு பேர் உலகத்தின் விளிம்பைத் தாண்டியிருந்தார்கள்.

பதினேழாம் கூண்டு மட்டும் மிஞ்சியது.

குழியின் விசை அறையைப் பூட்டியிருந்த கதவைத் திருமலை திறந்தார். ஓர் ஆளை விசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் வைத்தார். பட்டறை வாசலில் கன்னியம்மாளின் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தது, ஆட்டத்துக் கணக்கில் அதற்கு ஒரு வயது கூடியிருந்தது. அம்புக்குறி விசையின் மேலேயே நெடுநேரம் இருந்தது.

"இவன வெளிய வுட்டா இன்னொருத்தி சாவா" என்றார் திருமலை. "போன தபா அந்தக் கடைசி வரியப் படிச்சுட்டுத்தான் வுட்டேன் சார். அது என் தப்பு. அத்த நான் ஒத்துக்கறேன்."

"அப்போ இழுத்துடுங்கோ."

"ம்."

இழுக்கவில்லை. நிறுத்தியிருந்த ஆளைத் திரும்ப அழைத்துக்கொண்டார். கோட்டையின் வரைபடத்தை ஒவ்வொரு அடுக்காக மேலே தள்ளிக்கொண்டே போனார். கூண்டு அறை இருந்த இருட்டு அடுக்கைத் தாண்டி, தானியக் கிடங்கைத் தாண்டி, மலையின் தோள் பகுதியில் வெளிச்சம் விழும் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே மூன்று கட்ட அகலத்தில் ஓர் அறை குடையச் சொன்னார். சுவர் முழுக்க வழவழப்பாக்கச் சொன்னார். வெளிப்புறம் பார்க்க ஒரு கம்பிச் சாளரம். கதவு இரண்டு, நடுவில் ஓர் இடைகழி. கூண்டைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் படியேறினார்கள். காதறையன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று திரையில் தெரியாது. கூண்டு சாளரத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. முதல் கதவு சாத்தியது, பிறகு இரண்டாவது.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் ஸௌரிராஜன்.

"தெர்ல சார். வெச்சிருந்து பார்க்கணும். இத்த செய்யத்தான் எனக்குச் சம்பளம்."

ரயிலுக்கு நேரமாகியிருந்தது. ஸௌரிராஜன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். திருமலை எழவில்லை. மறுபடி திரையில் குனிந்து, கூண்டிலிருந்து ஒரு கட்டம் தள்ளி ஒரு சிறு சதுரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். உணவு வைக்கும் இடம் என்று அதற்குப் பெயர் கொடுத்தார். ஒரு பீப்பாய் தண்ணீர், இரண்டு பங்கு வெந்த சோறு என்று பட்டியலில் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தார்.

ஸௌரிராஜன் குனிந்து பார்த்தார். "சார், கூண்டுக்குள்ள இருக்கறவனுக்கு இந்த ஆட்டத்துல பசியே கிடையாது. தாகமும் கிடையாது. நூறு வருஷம் வெச்சாலும் அப்படியே இருப்பான். ப்ரோக்ராம்லயே அது எழுதலை."

"தெரியும் சார்" என்றார் திருமலை. சதுரத்தை ஒரு கட்டம் கூண்டுப் பக்கம் நகர்த்தி, கம்பிக்கு வெளியே கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் வைத்தார்.